கொல்ல எண்ணாத கொலை

அண்மையில் ஒரு மாலைப் பொழுதில் காரைக்கால் பகுதியைச் சேர்ந்த மண்டபத்தூர்க் கடற்கரையில் நின்றிருந்தோம். பிரெஞ்சுக்காரர் 1739-இல் தஞ்சை மன்னரிடமிருந்து காரைக்காலைப் பெற்றனர். இடையில் ஆங்கிலேயரிடம் இழந்தும் மீட்டும் 1954 வரை ஆண்டனர். ஏழை மக்கள் பலர் கூலிகளாகக் கப்பலேறித் தொலைதூரத் தீவுகளுக்குச் சென்றனர். ஆயினும் தமிழும் கோயில்களும் உழவும் மீன்பிடித் தொழிலும் இங்கு நிலைத்தன. அதே கடலின் மறுபுறம், ஏறத்தாழ 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அந்தமான் தீவுகளிலோ ஐரோப்பியர் குடியேற்றம் தொல்குடி மக்களை ஏறக்குறைய இல்லாமற் செய்துவிட்டது. அவர்களை அழிக்குமாறு எவரும் ஆணையிட்டதில்லை. அழிக்கும் எண்ணமின்றி நேர்ந்த அழிவும் இம்சை ஆகுமா என்னும் வினா அங்கே நம் மனத்தில் எழுந்தது.

1857 கிளர்ச்சிக்குப் பின், 1858-இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பை நிறுவினர். காடு வெட்டப்பட்டது. தம் நிலத்தைக் காக்க வில்லேந்திய அந்தமானியர் 1859-இல் அபர்தீன் என்னுமிடத்தில் துப்பாக்கிகளுக்கு முன் வீழ்ந்தனர். எனினும் போரில் மாண்டோரைக் காட்டிலும் பின்னர் வந்த நட்பால் மாண்டோரே பலர். 1863-இல் கார்பின் என்னும் பாதிரியார் பொறுப்பில் 'அந்தமான் இல்லம்' தொடங்கப்பட்டது. அங்கே உணவும் உடையும் புகையிலையும் வழங்கினர். நாகரிகம் கற்பிக்க முயன்றனர். ஒரே கூரையின்கீழ்க் கூடியவர்களிடையே, அவர்கள் உடல் முன்பு அறியாத நோய்கள் பரவின. 1877-இல் வந்த தட்டம்மை பெருந்தொகையினரைக் கொண்டு சென்றது. ஆங்கிலேயர் வந்தபோது சில ஆயிரவராய் இருந்த பெரிய அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1931-இல் 90 பேர். 1961-இல் 19 பேர். இன்றும் அவர்கள் சில பத்துப் பேரே. போ மொழியைப் பேசிய கடைசிப் பெண்மணி 2010 சனவரியில் மறைந்தார். அவரோடு அம்மொழியும் மறைந்தது.

1880-இல் போர்ட்மன் என்னும் அதிகாரி வட சென்டினல் தீவிலிருந்து முதியவர் இருவரையும் சிறுவர் நால்வரையும் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். முதியோர் இருவரும் விரைவில் நோயுற்று இறந்தனர். சிறுவர்கள் பரிசுப் பொருள்களுடன் திருப்பி அனுப்பப்பட்டனர். வெளியாரின் உறவால் அந்தமானியருக்கு விளைந்தது தீமையே என்று பிற்காலத்தில் அவரே வருந்தினார். வருந்தியதனால் இறந்தவர் மீளவில்லை.

'எண்ணமில்லாத இடத்தில் குற்றம் இல்லை' என்று உலகியல் சொல்லக்கூடும். சமணம் அவ்வளவில் விடுவதில்லை. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம், மனம், மொழி, மெய் ஆகியவற்றின் சோர்வால் உயிர்க்கு நேரும் ஊறே இம்சை என இலக்கணம் வகுக்கிறது. திருக்குறளிலும் இச்சோர்வைக் கடியப் 'பொச்சாவாமை' என ஓர் அதிகாரமே உண்டு. நம் முனிவர் அமருமுன் மயிற்பீலியால் இடத்தைத் துடைக்கிறார். எறும்பைக் கொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. எனினும், அங்கே ஓர் உயிர் இருக்கக்கூடும் என்று நினைப்பதே அவர் விரதம். அந்தமானில் இறங்கியவர்களிடம் அந்த நினைவு இல்லை. தமக்கு நன்மையானது பிறர்க்கும் நன்மையே என்று கொண்டது ஒருதலைப் பார்வை. அநேகாந்தம் கற்ற நாம் அதை அறியாமை என்றே சொல்லவேண்டும்.

ஆனால், 'வெள்ளையர் செய்த தீமை' என்று கூறி நாம் விலகிக்கொள்ளலாமா? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவகைப்படும். விடுதலைக்குப் பின் அத்தீவுகளில் குடியேறியவர்கள் நம் நாட்டினர். அவர்களுள் தமிழரும் பலர். சரவர் வாழும் காட்டின் ஊடே நெடுஞ்சாலை அமைத்தது நம் அரசே. காட்டுக்குள் அச்சாலையை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002-இல் ஆணையிட்ட பிறகும் ஊர்திகள் ஓடின. சாளரத்தின் வழியே வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் எறிந்து படம் பிடித்த சுற்றுலாப் பயணிகள் அதைக் கொடை என்றே எண்ணியிருப்பர்.

'அப்படியாயின் மருந்தும் கல்வியும் அவர்களுக்கு வேண்டாவா?' என அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. 1999-இலும் 2006-இலும் சரவரிடையே தட்டம்மை பரவியபோது மருத்துவத் துணை தேவைப்பட்டது. நோயுற்றவரைக் கைவிடுதல் அகிம்சை ஆகாது. ஆயினும் அந்த நோயும் வெளியாரிடமிருந்தே சென்றது என்பதை மறக்கலாகாது. உதவிக்குச் செல்பவர் தாம் கொண்டுவரும் தீங்கை முதலில் ஆராய்ந்து, அவர்கள் விரும்பும் அளவில் நிற்கவேண்டும். எவரையும் நெருங்கவிடாத சென்டினல் மக்களை அவர்கள் தீவில் அவர்கள் போக்கில் விடுதலே முறை. நம் சட்டமும் அங்கே செல்வதைத் தடுக்கிறது. விலகி நிற்பதும் அறச்செயலே.

நம் இல்லங்களிலிருந்து இன்று பலர் அந்தமானுக்குச் சுற்றுலா செல்கின்றனர். இரவில் உண்ணாமை, நீரை வடிகட்டிப் பருகுதல் என உணவில் காக்கும் கவனத்தை அப்பயணத்திலும் காப்போமாக. சரவரைக் காட்டுவதாக எவரேனும் அழைத்தால் மறுப்போம். உடன் வரும் பிள்ளைகளுக்கு அதன் காரணத்தையும் சொல்வோம்.

வளர்க அறம்.