பிஞ்சுக் கையில் பேரேடு

பள்ளிப் பிள்ளைக்குப் பணத்தைப் பற்றிப் பாடம் எதற்கு என்று கேட்போர் உண்டு. பால்மணம் மாறாப் பருவத்தில் பணத்தாசையை ஊட்டலாமா, மலரும் உள்ளத்தில் வணிகப் புத்தியை விதைக்கலாமா என்று அறம் பேசுவர். பேசுவோர் யாரெனப் பாருங்கள். பெரும்பாலும் மாதக் கடைசியிலும் மடி கனக்கும் மகானுபாவர்கள்!

ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பாடம் என்றோ தொடங்கிவிட்டது. வட்டிக்காரர் வாயிலில் நிற்க, தந்தை உள்ளே ஒளிந்திருக்க, "அப்பா வீட்டில் இல்லை" என்று சொல்லிவர அனுப்பப்படுகிறதே குழந்தை, அதுவே அதன் முதல் பொருளியல் வகுப்பு! பொய்யிலே தொடங்கி, அச்சத்திலே வளர்ந்து, வெற்றுத்தாளில் வைக்கும் கைநாட்டிலே முடிகிற பாடம் அது. எனவே நம்முன் நிற்கும் வினா ஒன்றுதான்: அந்தப் பிள்ளைக்குப் பணத்தைப் பற்றிக் கற்பிக்கப் போகிறவர் ஆசிரியரா, வட்டிக்காரரா?

வள்ளுவர் 133 அதிகாரங்களுள் 70 அதிகாரங்களைப் பொருட்பாலுக்குத் தந்தார். பொருளைப் பேசுவது இழிவென்று அவர் எண்ணவில்லை. இழிவென்று நமக்கு ஓதியவர்கள் வேறு; பணம் மாயை என்று மேடையிலே சொல்லிவிட்டுக் காணிக்கை உண்டியலுக்குப் பூட்டுப் போட்டவர்கள்!

10 வயது நிரம்பிய சிறார் தாமே சேமிப்புக் கணக்குத் தொடங்கி நடத்த வங்கிகள் இசையலாம் என்று ரிசர்வ் வங்கி 2014இல் அறிவித்தது. 10 வயது என்றால் ஐந்தாம் வகுப்பு. கையெழுத்திடும் வாய்ப்பு வந்துவிட்டது. எதிலே கையெழுத்திடுகிறோம் என்று அறியும் அறிவு வர வேண்டாமா?

எதைக் கற்பிப்பது? சிக்கனத்தை என்பர். நம் பள்ளிகளில் 'சஞ்சாயிகா' என்ற பெயரில் மாணவர் சேமிப்புத் திட்டம் நடந்ததுண்டு. நல்ல முயற்சிதான். ஆனால், கொண்டுவர நாணயம் இல்லாத பிள்ளை அந்த வகுப்பில் எதைக் கற்கும்? "சிக்கனமாயிரு, செல்வனாவாய்" என்பதை மட்டும் கேட்டால், தன் வீட்டு வறுமைக்குத் தந்தையின் ஊதாரித்தனமே காரணம் என்று முடிவு கட்டும். நேற்றுத் தலைவிதி என்றார்கள். இன்று சிக்கனமின்மை என்பதா? கூலியே குறையென்றால் மிச்சம் எங்கிருந்து பிறக்கும்? சேமிப்பைச் சொல்லும் வகுப்பு, உழைப்பையும் கூலியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு பத்து ரூபாய்த் தாளைப் பிள்ளைகளிடம் கொடுப்போம். பின்புறத்தில் 15 மொழிகளின் வரிசையிலே தமிழும் இருக்கும். முன்புறத்தில் தொகையைத் தருவதாகக் கூறும் உறுதிமொழியோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்! தொகைக்குத் தமிழ் உண்டு, வாக்குறுதிக்குத் தமிழ் இல்லை. ஏன் என்று பிள்ளைகளே கேட்கட்டும். அடுத்து, இந்தத் தாளுக்கு மதிப்பளித்தது யார்? இலக்குமியா? 2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லா என்று அரசு அறிவித்தது. பூசையறையில் குங்குமம் இட்டு வைத்த தாளுக்கும் விலக்கில்லை! பணத்தின் மதிப்பு மனிதர் செய்த ஏற்பாடு. மனிதர் செய்ததை மனிதர் கேள்வி கேட்கலாம், திருத்தலாம். இதை உணர்ந்த பிள்ளை, விளக்கு வைத்தபின் காசு கொடுத்தால் திருமகள் போய்விடுவாள் என்று நடுங்காது.

அடுத்தது வட்டி. 1000 ரூபாய்க் கடன், மாதம் நூற்றுக்குப் பத்து. ஓராண்டில் வட்டி மட்டும் 1200. அசல் அசையாமல் நிற்கும்! அதே ஆயிரத்தை, ஆண்டுக்கு நூற்றுக்கு 4 வீதம் தரும் கணக்கில் போட்டால் வருவது 40. கடன் வாங்கினால் 1200, சேர்த்து வைத்தால் 40! முப்பது மடங்கு வேறுபாடு. ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது; ஆனால் எத்தனையோ குடும்பங்களைக் குடித்த கணக்கு.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கத் தமிழ்நாடு 2003இல் சட்டம் இயற்றியது. அதன்பின்னும், 2017 அக்டோபரில், பலமுறை மனுக்கொடுத்தும் பயன் காணாத ஒரு குடும்பம், இரண்டு சிறு குழந்தைகளோடு, நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்கிரையாயிற்று. ஒருவர் மட்டும் உணர்ந்து தனித்து நின்றால் நசுக்கப்படுகிறார். ஊரே உணர்ந்து உடன் நிற்க வேண்டும். ஓர் ஊர் முழுவதும் ஒன்றை அறியத்தக்க இடம் தொடக்கப்பள்ளியைவிட வேறெது?

வங்கியையும் காட்டுவோம். தான் போட்ட காசு இரும்புப் பெட்டியில் உறங்குவதாகக் குழந்தை நினைக்கும். இல்லை, அது கடனாகப் போகிறது, கடன் வட்டிக்கும் சேமிப்பு வட்டிக்கும் உள்ள இடைவெளியே வங்கியின் முதன்மை வருவாய். அப்படியானால் நம் காசு யாருக்குக் கடனாகிறது? 1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் நாட்டுடைமையானபோது, உழவருக்கும் சிறுதொழிலருக்கும் கடன் சேர வேண்டும் என்பதே சொல்லப்பட்ட நோக்கம். சேர்ந்ததா என்று கேட்கும் உரிமை, நாணயம் போட்ட சின்னஞ்சிறு கைக்கும் உண்டு.

கணக்குக் கற்றால் ஈரம் வற்றிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். கணக்கறியாதவர் கொடுப்பது பல நேரம் ஏமாறுதல். அறிந்து கொடுப்பதே ஈகை.

தோழர்களே! பாடத்திட்டம் மாறட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் படிப்பகங்களில் மாலை ஒரு மணி நேரம் போதும். ஒரு கரும்பலகை, ஒரு ரூபாய்த் தாள், ஒரு கடன் பத்திரம். படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் பெயரெழுதாத ஒரு தலைமுறையை அங்கே உருவாக்குவோம்!