விலகிய நந்தி

புறத்தே நிறுத்தப்பட்ட ஒருவன் மெய்யன்பு ஒன்றையே துணையாகக் கொண்டு இறைவனை நாடி வருங்கால், அவனை ஏற்குமுன் அவன் வேறொருவனாக மாறிவர வேண்டுமென்று கோருதல் தர்மமாகுமா என்பது சமயங்கள் யாவும் எதிர்கொண்டாக வேண்டிய வினாவாகும். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்று போற்றப்படும் நந்தனாரின் சரித்திரம் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற உரைகல்லாக அமைந்துள்ளது.

ஆதனூர்ச் சேரியில் பிறந்த அப்பக்தர், கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும் அளித்து வந்தார். அவர் தந்த தோல் சந்நிதியில் முழங்கிற்று. தந்தவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். அவர் கைப்பட்ட பொருளுக்கு இல்லாத தீட்டு, அவருக்கு மட்டும் எங்ஙனம் வந்தது?

திருப்புன்கூரில் சிவலோகநாதரை வாயிலிலிருந்தே தரிசிக்க அவர் விழைந்தபோது, இறைவன் அவரிடம் யாதொன்றும் கோராது, இடையே மறைத்த நந்தியையே விலகச் செய்தான். தில்லையிலோ, அவர் தீயில் மூழ்கிப் பூணூல் விளங்கும் முனிவராக எழுந்த பின்னரே அம்பலத்தை அடைந்தார்.

அத்தீயை அமைக்குமாறு தில்லைவாழ் அந்தணருக்குக் கனவில் ஆணையிட்டவன் இறைவனே என்றும், தம் பிறவியே தடையென்று வருந்திய அன்பரின் துயரைத் தீர்க்கவே அவன் அவ்வாறு செய்தான் என்றும், ஆதலின் அது தண்டனையன்று, அருளே என்றும் சான்றோர் சமாதானம் கூறுவர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும், அப்பிறவி இழிந்ததென்று அவருக்குக் கற்பித்தது எது? உலகமேயன்றி இறைவன் அல்லனே! மேலும், அகங்காரத்தை எரிக்கும் ஞானாக்கினியே அத்தீ எனின், அது அனைவர்க்கும் வேண்டுவதாயிருக்க, உள்ளே இருந்தோர் அதில் மூழ்காதது ஏன்?

பக்தியைச் சோதிக்க இறைவனுக்கு உரிமை உண்டு. பிறப்பைச் சோதிக்க மனிதருக்கு உரிமை இல்லை. அன்பனுக்கும் ஆண்டவனுக்கும் இடையே எது மறைத்து நிற்கிறதோ, அதுவே விலகக் கடமைப்பட்டது என்பதே திருப்புன்கூர் புகட்டும் நீதி. அந்நீதிக்கிணங்கவே, 1939 ஜூலை 8 அன்று, ஆலய நுழைவுக்குப் பாடுபட்ட வைத்தியநாத ஐயர் தலைமையில், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்து வழிபட்டனர். அங்கே தீ எதுவும் மூட்டப்படவில்லை.