ஏற்றலும் இறக்கலும்: ஓர் அறவியல் நோக்கு

ஒரு செயலைத் தொடங்கும் ஆற்றலையே உலகம் பெரிதும் போற்றி வந்துள்ளது. தொடங்கியதை உரிய வேளையில் நிறுத்தும் ஆற்றல் அத்துணைப் புகழைப் பெறுவதில்லை. அச்சமென்றும் தளர்ச்சியென்றும் அது இகழப்படுவதுமுண்டு. இம்மதிப்பீடு நேரியதுதானா என ஆராய்வதற்கு, சிறு பாய்ப்படகுகளில் பயன்படும் ‘ஸ்பின்னக்கர்’ என்னும் பாய் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

பிரான்சு நாட்டவரான ஆந்த்ரே கோர்னு 1963இல் வடிவமைத்த ‘470’ என்னும் பந்தயப் படகை நோக்குவோம். 1976 முதல் ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றுவரும் இப்படகு 4.70 மீற்றர் நீளமுடையது. சுக்கான் பிடிப்பவர் ஒருவர், துணைவர் ஒருவர் என இருவர் இதனைச் செலுத்துவர். பெரும்பாயும் முன்பாயும் இதில் எப்போதும் உண்டு. காற்றுப் பின்புறமாக வீசுங்கால் இவற்றோடு ஸ்பின்னக்கரும் ஏற்றப்படும். மெல்லிய நைலோன் துணியாலான அது, ஏனைய இரு பாய்களின் மொத்தப் பரப்புக்கு ஏறத்தாழ ஈடானது. எனவே அதனை ஏற்றியதும், காற்றை ஏற்கும் பரப்பு ஏறக்குறைய இருமடங்காகிறது.

ஏற்றுவது ஒப்பீட்டளவில் எளிது. சுக்கான் பிடிப்பவர் படகைக் காற்றின் போக்கில் திருப்பி, பாயை உயர்த்தும் கயிற்றை விரைந்து இழுக்கிறார். துணைவர் பாயின் ஒரு மூலையைப் பாய்மரத்திலிருந்து நீளும் கோலிற் பொருத்தி, மறு மூலையைக் கயிற்றினால் அடக்குகிறார். பாய் விம்முகிறது, படகு விரைகிறது. இறக்கும்போதே தேர்ச்சி புலப்படும். துணைவர் கோலைக் கழற்றிப் பாயைக் கைகளால் வாரிச் சேர்க்க, அவரது வேகத்துக்கு இசையச் சுக்கான் பிடிப்பவர் கயிற்றைத் தளர்த்த வேண்டும். தளர்த்துவது முந்தினால் பாய் நீரில் வீழ்ந்து படகை இழுத்துப் பிடிக்கும். பிந்தினால் துணைவர் காற்றோடு மல்லாட நேரும். கயிறு சிக்குண்டிருப்பின் பாய் இறங்கவே மாட்டாது. ஆகவே தேர்ந்தோர் பாயை ஏற்றுமுன்னரே கயிறு தடையின்றி ஓடுமா எனப் பார்த்துக்கொள்வர்.

இவற்றிலிருந்து இரு உண்மைகள் பெறப்படுகின்றன. மீளும் வழி, புறப்படுமுன்னரே அமைக்கப்பட வேண்டும் என்பது முதலாவது. மற்றது இதனினும் நுட்பமானது. திரும்பவேண்டிய மிதவையை அடைந்தபின் பாயை இறக்கலாம் என்றிருப்பவர் இடருறுவர். படகு காற்றை நோக்கித் திரும்பியதும் அதே பாய் அதனைச் சரித்துவிடக்கூடும். பாய் இன்னும் வேகம் தந்துகொண்டிருக்கும்போதே அதனை இறக்கத் தொடங்க வேண்டும். மனிதர்க்கு மிக அரிதாவது இதுவே. பதவியாயினும் புகழாயினும் சினமாயினும், பயன் தரும்வரை எவரும் அதனை விட எண்ணுவதில்லை. எண்ணும்போதோ மிதவை கடந்துபோயிருக்கும்.

இவ்வியலாமையின் விலையைச் செலுத்துவோர் பெரும்பாலும் பிறரே. மகாபாரதத்துச் சௌப்திக பருவத்தில் அருச்சுனனும் அசுவத்தாமனும் பேரழிவு தரும் அத்திரங்களை விடுக்கின்றனர். அருச்சுனன் தன் அத்திரத்தை மீட்டுக்கொள்கிறான். அசுவத்தாமனால் அஃது இயலவில்லை. அவனது அத்திரம் உத்தரையின் கருவைச் சென்று தாக்குகிறது. விடுக்கும் வன்மை இருவர்க்கும் இருந்தது; அறத்தின் எல்லைக்குள் ஒருவனை நிறுத்தியது மீட்கும் வன்மையே. படகிலும் இதுவே நியதி. முந்தும் ஆவல் ஒருவருடையதாயினும், கவிழும்போது நீரில் வீழ்வோர் இருவரன்றோ?

மீளும் வழியை எண்ணுபவன் முழுமனத்தோடு செயற்பட மாட்டான் எனச் சிலர் வாதிக்கலாம். படகு இவ்வாதத்தை ஏற்பதில்லை. விரைவில் இறக்கத் தெரிந்தவர்களே கடுங்காற்றிலும் ஏற்றத் துணிவர். இறக்கும் தேர்ச்சி துணிவைக் குறைப்பதன்று, வளர்ப்பதாகும். எனினும் வேறோர் ஐயம் எழுகிறது. எதனையும் எப்போதும் கைவிடலாமெனின் வாக்குறுதிக்கும் கடமைக்கும் மதிப்பென்ன? எதை இறக்குவது, எதை இறக்கலாகாது என்னும் வேறுபாடு இங்கு இன்றியமையாததாகின்றது.

1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டிகள் பூசான் கடலில் நடைபெற்றன. தனியொருவர் செலுத்தும் படகுப் பிரிவில் கனடா நாட்டவரான லோரன்ஸ் லெமியூ இரண்டாமிடத்தில் முன்னேறிக்கொண்டிருந்தார். அவ்வேளை, மற்றொரு பிரிவிற் போட்டியிட்ட சிங்கப்பூரின் 470 படகு கடுங்காற்றிற் கவிழ்ந்து கிடந்தது. லெமியூ தம் வழியை விட்டு விலகிச் சென்று அதிலிருந்த இருவரையும் காத்தார். காவற்படகு வரும்வரை காத்திருந்து அவர்களை ஒப்படைத்த பின்னரே பந்தயத்தைத் தொடர்ந்தார். அப்பந்தயத்தின் இரண்டாமிடம் அவருக்குப் பின்னர் வழங்கப்பட்டது. ஆயினும் விலகிச் சென்ற கணத்தில் அவர் அதனை இழந்தவராகவே சென்றார். வெற்றி இன்னும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போதே அவர் கைவிட்டது தமது ஆவலை. கைவிடாதது நீரில் தத்தளித்த மனிதரை.

ஆவல் பாயைப் போன்றது. கடமையோ உடன்வரும் துணைவரைப் போன்றது. பாயை இறக்க மறுத்துத் துணைவரை இழப்பது வீரமாகாது. துணைவரைக் கைவிட்டுப் பாயைக் காப்பது அதனினும் இழிந்தது. ஒரு செயலில் இறங்குவோரிடம் கேட்கத்தக்க முதல் வினா, ‘எவ்வளவு விரைவாய்ச் செல்வாய்?’ என்பதன்று; ‘நிறுத்தவேண்டிய வேளையில் உன் கயிறு ஓடுமா?’ என்பதேயாகும்.