மார்பில் எழுதிய பெயர்

இங்கிலாந்தில் கால்பந்துக்கும் பந்தயத்துக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. 1923-ல் லிட்டில்வுட்ஸ் தொடங்கிய ‘பூல்ஸ்’ சீட்டில் தொழிலாளிகள் வாரம் ஒருமுறை சில்லறைக் காசைப் பணயம் வைத்தார்கள். அது வாரத்துக்கு ஒரு சபலம். 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் 2007-ல் அமலுக்கு வந்து, தொலைக்காட்சி விளம்பரத்துக்குக் கதவைத் திறந்தது. இன்றோ பந்து உருண்டுகொண்டிருக்கும்போதே, கைபேசியில் அடுத்த கோலின் மீது பந்தயம்.

பதினெட்டு வயது நிரம்பாதவர் அங்கே பந்தயம் கட்டக் கூடாது. ஆகவே, சிறுவர்களுக்கு விற்கும் அணிச் சட்டையில் பந்தய நிறுவனத்தின் பெயர் இராது. ஆனால் அவர்கள் தெய்வமாகக் கொண்டாடும் வீரனின் மார்பில் அது பளிச்சென்று இருந்தால்? சட்டையில் அழித்ததை மனசில் எழுதியாயிற்று!

பந்தய விதிகளை 232 முறை மீறியதற்காக, பிரென்ட்போர்டு வீரர் ஐவன் டோனிக்கு 2023 மே மாதம் எட்டு மாதத் தடை விதித்தார்கள். நியாயந்தான், ஆடுகிறவனே பந்தயம் கட்டினால் ஆட்டத்தில் உண்மை ஏது? ஆனால் அப்போது அவர் அணிந்த சட்டையிலும் ஒரு பந்தய நிறுவனத்தின் பெயரே இருந்தது. குடிக்காதே என்று சொல்லிக் கள்ளுக்கடைப் பலகையைக் கழுத்தில் மாட்டுவதா?

2025-26 பருவ முடிவோடு சட்டையின் முன்புறத்திலிருந்து அப்பெயர்களை நீக்க, பிரீமியர் லீக் கழகங்கள் 2023 ஏப்ரலில் ஒப்புக்கொண்டன. சட்டைக் கை அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை.

போகிற பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. தோற்றாலும் தன் அணியை நேசிப்பதே ரசிகனின் பெருமை. பணயம் வைத்தவன் கண்ணில் அணி மறைந்து தொகைதான் நிற்கும். பயன் கருதாத அன்பைப் பிள்ளைகள் பழகும் இடங்கள் உலகில் சிலவே. அவற்றில் ஒன்றையும் விற்றுவிடலாமா?