சக்கரத்தின் மேல் ஓர் இல்லம்

இருந்த இடத்தைவிட்டு எழுந்து செல்லுதல் இன்பமோ, துன்பமோ? வேதாந்திகள் இதற்குப் பலவாறு விடை பகர்வர். நமக்கோ இக்கேள்வி ஒரு தச்சுவேலையின் நடுவே எழுந்தது.

சுங்கை பூலோவிற்கு அணித்தேயுள்ள செம்பனைத் தோட்டமொன்றில் நாம் கிராணியாக இருக்கின்றோம். சென்ற ஆறு திங்களாக, காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லத்தக்க கூண்டு வண்டியொன்றை ஞாயிறுதோறும் கட்டி வருகின்றோம். நீளம் எட்டடி, அகலம் நாலரையடி. உள்ளே இருவர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுப்பு மூட்டலாம். இரும்புச் சட்டமும் அச்சும் பழைய இரும்புக் கடையில் கிடைத்தன. பலகைக்குக் கவலையில்லை, சுங்கை பூலோ மரச்சாமான் பட்டறைகளில் வெட்டிக் கழித்த ஒட்டுப்பலகை மலிவு.

நாம் கற்ற முதற்பாடம் பாரத்தைப் பற்றியது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கேனும் காரின் கொக்கிமேல் அழுந்த வேண்டும். பாரம் பின்னே மிகுந்தால், வேகத்தில் வண்டி வால்போல் ஆடிக் காரையும் கவிழ்த்துவிடும். தண்ணீர்த் தொட்டியைப் பின்புறம் பொருத்திவிட்டு, இரண்டு ஞாயிறுகளைச் செலவிட்டுப் பிரித்தெடுத்தோம். (நம் ஆங்கிலப் பள்ளிக்கூடம் நெம்புகோல் விதியை நெட்டுருப் போட மட்டுமே கற்பித்தது போலும்!) சட்டமோ இழுவண்டியையும் வாகனமென்றே கொள்கிறது, பதிவின்றிப் பெருஞ்சாலையில் இறக்கலாகாது. ஆதலின் நமது இல்லம் இன்னும் தோட்டத்து மண்பாதையைத் தாண்டவில்லை.

1930களில் அமெரிக்காவில் பலர் இத்தகைய வண்டிகளைத் தம் கொல்லைப்புறத்திலேயே கட்டினர். விடுமுறையில் உலவக் கட்டியோர் சிலர். பொருளாதார வீழ்ச்சியில் வீடிழந்து, ஒதுங்க வேறிடமின்றி வண்டியிற் குடிபுகுந்தோர் வேறு சிலர். பலகை ஒன்றே, சக்கரம் ஒன்றே. எனினும் இருவர் பயணமும் ஒன்றாகுமோ?

நம் முன்னோரும் கூண்டு வண்டி பூட்டித் திருவிழாவுக்குச் சென்றனர். மரத்தடியில் பொங்கி உண்டு மீண்டனர். மீண்டனர் என்பதில்தான் அப்பயணத்தின் இன்பமெல்லாம் அடங்கியிருந்தது. "வீடு ஒரு விலங்கு, அலைதலே விடுதலை" என்று நண்பர் சிலர் கூறுகின்றனர். வீடுடையார் வாய்ச்சொல் அது!

இச்சுங்கை பூலோவையே நோக்குக. 1930இல் இங்குத் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில் வீடு இருந்தது. வெளியேறும் உரிமை இல்லை. பிற்காலத்தில் மருந்து நோயைத் தீர்த்தது, வாயிலும் திறந்தது. அப்போது பலருக்குத் திரும்பிச் செல்ல வீடில்லை. அங்கேயே முதுமையெய்தினர். 2007இல் அக்குடியிருப்பின் கிழக்குப் பகுதியும் இடிக்கப்பட்டது. தோட்டத்திலோ விதி நேர்மாறு: வேலை தீர்ந்த நாளில் லயத்து வீடும் தீர்ந்தது. வெளியேறக் கோரும் கடிதங்களைத் தட்டச்சு செய்வது நமது மேசையின் வேலை.

வண்டி கட்டுதல் குற்றமென்று நாம் கருதவில்லை. பிறர்க்கு வலிந்து நேர்வதை நாம் விளையாட்டாக விரும்பிச் செய்கின்றோமே என்ற கூச்சம் மட்டும் நீங்கவில்லை.

சென்ற ஞாயிறன்று, முப்பதாண்டு பால்மரம் வெட்டிப் பின் செம்பனைக் காட்டிலும் உழைத்த மூதாட்டியொருவர் வந்து, பலகையைத் தடவிப் பார்த்தார்.

"வீடு அழகா இருக்கு, தம்பி. வேலைய விட்டுப் போறப்ப இத எங்க நிறுத்துவீங்க?"

நாம் விடையிறுக்கவில்லை. நாம் குடியிருக்கும் வீடும் தோட்டத்தினுடையதே. மறுநாள், அவ்வீட்டின் பின்புறம் வண்டியை நிறுத்திவைக்க அனுமதி வேண்டி மானேஜருக்கு ஒரு விண்ணப்பம் தட்டச்சு செய்தோம். அம்மூதாட்டி பெயருக்கான கடிதமும் அதே மேசையில் கையொப்பத்திற்குக் காத்திருக்கின்றது.