மாடிக்குத் தண்ணீர் சுமந்தவர்கள்

இங்கிலாந்தின் பாத் நகரில் ராயல் கிரெசென்ட் என்று பிறைபோல் வளைந்த ஒரு வீட்டு வரிசை இருக்கிறது. 1767-க்கும் 1774-க்கும் இடையில் கட்டியது. ஒன்றையொன்று ஒட்டி 30 வீடுகள். முன்னால் நின்று பார்த்தால் ஒரே அரண்மனை மாதிரி தெரியும். இளைய ஜான் வுட் வகுத்துக் கொடுத்தது அந்த முகப்பைத்தான். பின்னால் வீட்டை எப்படிக் கட்டிக்கொள்வது என்பது வாங்கியவர் பாடு. இன்றும் பின்பக்கம் போனால் வீட்டுக்கு வீடு உயரம் வேறு, ஆழம் வேறு.

இப்படியொரு வீட்டில் இன்று ஒரு குடும்பம் வசதியாக வாழ நினைக்கிறது. குளியலறை வேண்டும், வெந்நீர் வேண்டும், குளிர்காலத்தில் சூடு வேண்டும். ஆனால் இவை பாதுகாப்புப் பட்டியலில் முதல் தரத்தில் உள்ள கட்டடங்கள். கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் மாற்றம் என்றால், வீட்டுக்குள்ளே செய்வதற்கும் அனுமதி வாங்க வேண்டும். இங்கேதான் சண்டை. "இது வரலாறு, தொடாதே" என்கிறது ஒரு கட்சி. "அப்போ நாங்க வாழ வேண்டாமா?" என்கிறது இன்னொன்று.

இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: அன்று வசதி இல்லை, இப்போதுதான் வருகிறது. எனக்கு அதில்தான் சந்தேகம். அன்றும் படுக்கையறைக்கு வெந்நீர் வந்தது, கணப்பில் நெருப்பு எரிந்தது. குழாய்தான் இல்லை. குழாயின் வேலையை ஆட்கள் செய்தார்கள். நிலக்கரியும் தண்ணீரும் கீழ்த்தளத்திலிருந்து மாடி மாடியாக ஏறின; சாம்பலும் கழிவும் இறங்கின.

ஆகவே 'அன்றிருந்தபடியே' என்று யாராவது சொன்னால், யாருக்கு இருந்தபடி என்று கேட்கத் தோன்றுகிறது. வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவருக்கா, வாளி தூக்கியவருக்கா? ரேடியேட்டர் வைப்பதை அந்த வீட்டுக்குச் செய்யும் துரோகமாக என்னால் பார்க்க முடியவில்லை. யாரோ ஒருத்தியின் இடுப்பிலிருந்து சுமை இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதுக்காக இஷ்டத்துக்கு இடிக்கலாமா? கூடாது. கூரையோரப் பூவேலைக்காக வாதாட எப்போதும் ஆள் உண்டு. பாத்திரம் கழுவிய அறைக்கும், வேலையாட்கள் ஏறி இறங்கிய குறுகலான பின்படிக்கும் யார் இருக்கிறார்கள்? அழகில்லாதவை, இடத்தை அடைப்பவை. அதே வரிசையின் முதல் எண் வீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் வேலையாட்கள் பகுதி பிற்காலத்தில் தனி வீடாகப் பிரிந்துபோனது. பிரதான வீடு 1970-இல் அருங்காட்சியகம் ஆனது. பிரிந்த பகுதி அதனோடு மறுபடி சேர்ந்தது 2013-இல். 40 வருடத்துக்கு மேல்.

குளியலறை கட்டிக்கொள்ளட்டும், தரைக்கடியில் சூட்டுக்குழாய் ஓடட்டும். பின்படி இருந்தால் அதை மட்டும் விட்டுவைக்க வேண்டும். ஒரு அலமாரிக்கான இடம் போகும். போகட்டும். இந்தப் படி ஏன் இவ்வளவு குறுகல் என்று அந்த வீட்டுப் பிள்ளை ஒருநாள் கேட்கும்போது, பதில் சொல்ல அந்தப் படி அங்கே இருக்க வேண்டும்.