பூசலார் எடுத்த கோயிலும் நெடுநாள் முயற்சியின் இன்பமும்

திருச்சிற்றம்பலம்



சித்தாந்த சாத்திரங்களைப் பாடங்கேட்டு வரும் மாணவர் ஒருவர் அண்மையில் அடியேனை இரண்டு வினாக்கள் வினவினார். “பல்லாண்டு பயின்றும் கரை காணாத பயிற்சியில் மனஞ் சோர்கின்றதே; அச்சோர்வு நீங்குவது எங்ஙனம்?” என்பது ஒன்று. “ஒரு நூலைக் கேட்டு முடித்த நாளில் மகிழ்ந்து விழாக் கொள்ளுதல் ஆணவத்தின் பாற்படுமோ?” என்பது மற்றொன்று. இவை வெவ்வேறு போலத் தோன்றினும் ஒரு வேரினின்றுங் கிளைத்தனவே. இவற்றிற்கு விடை காண விழைவார்க்குத் திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் வரலாறே சாலும்.

நாயனார் இறைவற்குக் கோயில் எடுக்க விழைந்து பொருள் தேடி எங்கும் பெறாராய், மனத்தினாலேயே எடுக்கத் துணிந்தமை யாவரும் அறிந்ததே. நினைவினாலே சிறுகச் சிறுகப் பொருள் ஈட்டினார், பணிக்கு வேண்டுவன தேடினார், தச்சரைச் சேர்த்தார், நன்னாள் பார்த்து அடிநிலை இட்டார், இரவினும் கண் துயிலாது உபானம் முதலாகப் படிப்படியே விமானம் உயர்த்திச் சிகரமும் தூபியும் அமைத்தார், சுதை தீட்டினார், கிணறும் மதிலும் குளமும் வகுத்தார். இவ்வாறு நெடுநாட் சென்றபின்னரே தாபனத்திற்கு நாள் குறித்தார்.

ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. மனத்தால் எடுக்குங் கோயிலுக்குக் கல் சுமப்பார் வேண்டா, கூலி வேண்டா, மழையும் வெயிலும் தடை செய்யா. இமைப்பொழுதில், “கோயில் முடிந்தது” என்று நினைந்துவிட அவரை விலக்குவார் ஒருவருமிலர். அங்ஙனமாகவும் அவர் நெடுநாள் கொண்டது என்னை? முடிவொன்றே அவர் கருத்தாயின் ஒரு நினைவில் முடித்திருப்பர். ஒவ்வொரு படையை அடுக்குந்தோறும் இறைவனை நினைந்தார். அந்நினைவே அவர்க்குப் பூசையாயிற்று. ஆகலின் அவர்க்கு அந்நாட்கள் காத்திருந்த நாட்கள் அல்ல, வாழ்ந்த நாட்கள். சோர்வு என்பது முடிவை மட்டும் இன்பமென்று கொண்டு, வழியைத் துன்பமென்று ஒதுக்குவார்க்கே உளதாம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனையும் அரும்பு, மலர், காய், கனி போல்வன என்று ஆன்றோர் உவமித்ததும் இக்கருத்துப் பற்றியே என்க. அரும்பு கனியன்றாயினும் அது குறையுடைய கனியன்று. தன் பருவத்தில் தானே நிறைவுடையது.

அற்றேல், வழியே இன்பமாயின் முடிவிற்கு விழா எற்றுக்கெனின், கூறுதும். நாயனார் தாபன நாளைக் குறியாது விட்டாரல்லர். இறைவனும் அந்நாளைப் பொருளாகக் கொண்டருளினான். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன் தன் கோயிலுக்கும் அந்நாளையே குறித்திருந்தனன். அவ்வரசனை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தே கயிலாசநாதர் கோயில் எடுத்த இராசசிம்மனாகக் கொள்வர் ஆராய்ச்சியாளர். இறைவன் முதனாள் இரவில் அவன் கனவில் தோன்றி, நின்றவூர் அன்பன் எடுத்த ஆலயத்தில் நாளை நாம் புகுவேம். நின் செயலைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள்க என்னும் கருத்துப்பட அருளினான். அரசன் பெருவிழாவும் ஓரன்பரது அகவிழாவிற்கு வழிவிட்டு நின்றது. ஆகவே, முயற்சி நிறைவுற்ற நாளைப் போற்றுதல் திருவருளுக்கு உடன்பாடென்பது பெற்றாம்.

எனினும் அவ்விழா எத்தன்மைத்து என்பது கருதற்பாலது. அரசன் வந்து வினவியபோது பூசலார் எடுத்த கோயில் அவ்வூரில் ஒன்றுமில்லை என்றே ஊரவர் உரைத்தனர். அத்துணைக் காலமும் அவர் தம் பணியைப் பிறர்க்கு உரைத்திலர் என்பது இதனால் விளங்கும். செய்தி கேட்ட நாயனார் செருக்குற்றிலர்; சிறியேனையும் பொருளாகக் கொண்டானே என்று மருண்டு உருகினார். அம்மகிழ்ச்சியில் ‘யான் செய்தேன்’ என்பது இல்லை. ‘அவன் ஏற்றான்’ என்பதே உண்டு.

சேக்கிழார் பெருமான் வரலாறும் இதற்குச் சான்று. தில்லையில் ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரையில் நிறைவெய்தியது திருத்தொண்டர் புராண விரிவுரை என்பது மரபு. முடிவில் அநபாய சோழன் நூலையும் நூலாசிரியரையும் யானைமேலேற்றித் தானும் உடனேறிக் கவரி வீசினான். அவர்க்கு வழங்கிய சிறப்புப் பெயரோ ‘தொண்டர்சீர் பரவுவார்’ என்பது. பெயர் அவர்க்கு, சீர் தொண்டர்க்கு. புகழ் தம்மேல் வந்தபோது அதனைத் தாங்கற்குரிய முறை இதுவேயாம்.

அடியேன் இளமையில் நிகழ்ந்த ஒன்றையும் ஈண்டுக் கூறுதல் மிகையாகாது. சிவஞானபோதத்தைச் சிற்றுரையோடும் மாபாடியத்தோடும் ஆசிரியர்பால் ஆண்டுகள் பல கேட்டு முடித்த நாளில், ஏதேனும் பாராட்டுக் கிடைக்குமென எதிர்பார்த்திருந்தேன். ஆசிரியர் சருக்கரைப்பொங்கல் செய்வித்துப் பெருமானுக்கு நிவேதித்து, வந்தோர் அனைவர்க்கும் அளித்தனர். அடியேனைக் குறித்து ஒரு சொல்லும் கூறிற்றிலர். மறுநாள் வைகறையில், “மங்கல வாழ்த்திலிருந்து தொடங்குக” என்றனர். அன்று உள்ளே நொந்தேன். நெடுநாள் அந்நோவு நீங்கவில்லை. அவர் மறைந்த பின்னரே பொருள் விளங்கிற்று. விழாவை அவர் விலக்கவில்லை. அதனை உரியவற்கு உரியதாக்கினார். மறுநாட் பாடமோ தண்டனையன்று. முடிந்தது என்று அடியேன் கருதியதை முடியாத இன்பமாக மீட்டுத் தந்த பரிசு. அவர் இருந்தபோதே அதனை உணர்ந்து அவர் திருவடியில் வீழ்ந்திலேனே என்பதே இன்றும் உள்ள குறை.

போதத்தின் பத்தாஞ் சூத்திரம் உணர்த்தும் இறைபணி நிற்றலும் ஈதே. செயலைத் தன் செயலென்னாது அவன் பணியென்று நிற்பார்க்கு நீண்ட வழி சுமையாகாது. வந்த சிறப்பு மலமாகாது.

ஆதலின் மாணவ அன்பர்களே, இன்று கேட்கும் ஒரு சூத்திரத்தை இன்றைக்குரிய ஒரு படைக்கல்லாக அடுக்குமின். அதனை அடுக்கும்போதே மகிழுமின். நூல் நிறைவெய்திய நாளில் பெருமானுக்கு நிவேதித்து, ஆசிரியரை வணங்கி, அடியாரோடு கூடி உண்டு மகிழுமின், அதில் இழுக்கொன்றுமில்லை. மறுநாள் வைகறையில் மீண்டும் ஏட்டை அவிழ்மின்.

மேன்மைகொள் சைவம் விளங்குக.

திருச்சிற்றம்பலம்